விழுங்கணுக்களைக் கண்ட வித்தகர் இலியா மெச்னிகோவ்

தோற்றுவாய்

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த மடவார் வளாகத்திலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பிறந்து வளர்ந்தவர் எவருக்கும் கருவேல முள் புதியதன்று. கண்மாய்க் கரையில் வெறுங்காலோடு ஓடிய சிறுவன் முள் தைத்த காலோடு வீடு திரும்புவதும், பாட்டியார் ஊசி கொண்டு அதனை எடுக்க முயல்வதும், முனை உள்ளே முறிந்துவிட்டால் எருக்கம்பால் வைத்து விட்டுவிடுவதும் நாம் கண்ட காட்சிகளே. இரண்டொரு நாளில் முள் தைத்த இடம் சிவக்கும்; வீங்கும்; சூடேறி நோவெடுக்கும். பின்னர்ச் சீழ் கட்டி உடைய, சீழோடு முள்ளும் வெளிவரும். உடல் தன்னைத் தானே தூய்மை செய்துகொண்டது என்று கூறிப் பெரியோர் அமைவர்.

அந்தச் சீழ் என்பது யாது? முள் தைத்த செய்தியை உடலுக்குள் அறிந்தவர் யார்? அறிந்து அங்கு விரைந்து வந்தவர் யார்? இவ்வினாக்களை 1882ஆம் ஆண்டில், இத்தாலி நாட்டின் சிசிலித் தீவிலுள்ள மெசினா என்னும் கடற்கரை நகரில், தமக்குத் தாமே எழுப்பிக்கொண்டார் ஓர் அறிஞர். அவர் மருத்துவர் அல்லர், விலங்கியலார். வினாவுக்கு விடை காண அவர் கையிலெடுத்த கருவியும் ஒரு முள்ளே. அவர்தாம் இலியா மெச்னிகோவ்.

வைத்தியநாதர் என்னும் திருப்பெயரால் அறியப்படும் கோயிலைத் தன்னகத்தே கொண்டது மடவார் வளாகம். மருத்துவத்தின் பெயரோடு இணைந்த அம்மண்ணைச் சேர்ந்த நம் மாணவர்கள், உடலுக்குள்ளேயே ஒரு காவற்படை உண்டு என்று உலகுக்குக் காட்டிய இப்பெருமகனின் வரலாற்றை அறிவது பொருத்தமுடையது. அவர் கண்ட உண்மை பாதி. மறுபாதியைக் கண்டவர் அவருக்கு எதிர்க்கட்சியில் நின்றவர். இரு பாதிகளும் ஒன்றுசேர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று என்பதே இக்கட்டுரை சொல்ல விழையும் செய்தி.

பிறப்பும் கல்வியும்

மெச்னிகோவ் 1845ஆம் ஆண்டு மே திங்களில், அந்நாளைய இரசியப் பேரரசில், இந்நாளைய உக்ரைன் நாட்டில் அடங்கிய கார்கோவ் நகரத்தை அடுத்த சிற்றூரொன்றில் பிறந்தார். தந்தையார் பேரரசரின் காவற்படையில் அலுவலராக இருந்தவர். அன்னையார் எமிலியா, யூத மரபைச் சேர்ந்த எழுத்தாளர் ஒருவரின் மகளார். மகனின் அறிவு வேட்கையை முதலில் உணர்ந்து ஊக்கியவர் அன்னையாரே.

இலியாவின் தமையனார்களும் தனித்தன்மை வாய்ந்தவர்கள். ஒருவர் புவியியல் அறிஞராகப் புகழ்பெற்றார். மற்றொருவரான இவான், நீதித்துறை அலுவலராகப் பணியாற்றி நடுவயதில் நோயுற்று மறைந்தார். டால்ஸ்டாயின் புகழ்பெற்ற குறுநாவலான இவான் இலியிச்சின் மரணத்துக்குக் கருவாக அமைந்தது இவருடைய முடிவே. சாவைப் பற்றிய சிந்தனை மெச்னிகோவின் குடும்பத்தை விடாது தொடர்ந்தது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

கார்கோவ் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்த மெச்னிகோவ், 1864இல் மேற்படிப்புக்காகச் செருமானிய நாடு சென்றார். 1865இல் கீசன் நகரில் தட்டைப்புழு ஒன்றை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அப்புழுவின் உயிரணுக்கள் உணவைத் தமக்குள்ளேயே வாங்கிச் செரிப்பதைக் கண்டார். அன்று அது அவருக்கு ஒரு சிறு குறிப்பு. பதினேழு ஆண்டுகள் கழிந்தபின் அதுவே வித்தாயிற்று. கற்றது எதுவும் வீண்போவதில்லை என்பதை மாணவர்கள் இங்கு உளங்கொள்ள வேண்டும். பின்னர் நேப்பிள்ஸ் நகரில் கடல்வாழ் சிற்றுயிர்களின் கருவளர்ச்சியை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். 1870இல், இருபத்தைந்து வயதிலேயே, கருங்கடற்கரையிலுள்ள ஒடெசா நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

இழப்பும் இருளும்

அறிவுலகில் விரைந்து ஏறியவரை இல்லற வாழ்வு கடுமையாகச் சோதித்தது. 1869இல் லுட்மிலா என்னும் மங்கையை மணந்தார். மணநாளன்றே அவ்வம்மையார் காசநோயால் நலிந்திருந்தார்; நடக்க இயலாமையால் நாற்காலியில் அமர்த்தியே அவரைத் தேவாலயத்துக்குத் தூக்கிச் சென்றனர். மனைவியின் நோய் தீரும் என்னும் நம்பிக்கையில் வெப்பமான நாடுகளைத் தேடி அலைந்தார் மெச்னிகோவ். பயனில்லை. 1873இல் மதீரா தீவில் லுட்மிலா மறைந்தார். காசநோய் ஒரு கிருமியால் வருவது என்பதைக்கூட அன்று எவரும் அறிந்திலர். இராபர்ட் காக் அக்கிருமியைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தது ஒன்பதாண்டுகள் கழித்து, 1882 மார்ச்சுத் திங்களில்.

துயரம் தாங்காத மெச்னிகோவ் தம் உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிந்தார், பிழைத்தார். 1875இல் ஓல்கா என்னும் இளம்பெண்ணை மறுமணம் செய்துகொண்டார். 1880இல் அவரும் குடற்காய்ச்சலால் சாவின் விளிம்புக்குச் சென்று மீண்டார். பல்கலைக்கழகப் பூசல்களும் உடல்நலிவும் ஒன்றுசேர, 1881இல் மெச்னிகோவ் மீள்காய்ச்சல் நோயாளியின் குருதியைத் தம் உடலில் செலுத்திக்கொண்டு கடும் நோயுற்றார். இம்முறையும் இறைவன் அவரைக் காத்தான். உயிர் நாம் ஈட்டிய பொருளன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள். அதனை இருமுறை எறியத் துணிந்தவர், உயிர் தன்னை எவ்வாறு காத்துக்கொள்கிறது என்பதைக் கண்டறியும் பணிக்கே தம் எஞ்சிய நாளெல்லாம் உரியவரானார்.

மெசினாவில் ஒரு முள்

1881இல் இரசியப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டபின் பல்கலைக்கழகங்களில் அரசின் அடக்குமுறை மிகுந்தது. 1882இல் பேராசிரியப் பதவியைத் துறந்த மெச்னிகோவ், மனைவியோடும் மனைவியின் உடன்பிறந்த இளையோரோடும் மெசினா நகருக்குக் குடிபெயர்ந்தார். பதவியில்லை, கல்லூரியில்லை. கடலை நோக்கிய வீட்டின் கூடமே ஆய்வுக்கூடமாயிற்று.

ஆண்டின் இறுதியில் ஒருநாள். பழக்கிய குரங்குகளின் வித்தையைக் காண வீட்டார் அனைவரும் வட்டரங்குக்குச் சென்றுவிட்டனர். தனித்திருந்த மெச்னிகோவ், விண்மீன் வடிவிலான உடுமீனின் இளவுயிரியை நுண்ணோக்கியில் நோக்கியிருந்தார். அவ்விளவுயிரி கண்ணாடி போன்று ஒளி ஊடுருவும் உடலுடையது. உள்ளே நிகழ்வதை உயிரோடு காணலாம். அதன் உடலுக்குள் சில உயிரணுக்கள் அங்குமிங்கும் ஊர்ந்து திரிவதைக் கண்டார். இவை உணவை மட்டுமா விழுங்குகின்றன, உடலுக்குள் புகுந்த பகையையும் விழுங்குமோ என்னும் எண்ணம் மின்னலென எழுந்தது. இருப்புக் கொள்ளாமல் அறைக்குள் நடந்தார். கடற்கரைக்கும் சென்று மீண்டார்.

எண்ணம் சரியாயின், உடுமீன் இளவுயிரியின் தோலுக்கடியில் ஒரு முள்ளைச் செருகினால், திரியும் உயிரணுக்கள் அதனைச் சூழ வேண்டும். அவ்வுயிரிக்குக் குருதிக்குழாயும் இல்லை. நரம்பு மண்டலமும் நம்முடையது போன்றதன்று. ஆகவே அங்கு நிகழ்வது உயிரணுக்களின் செயலாகவே இருக்கும். வீட்டுத் தோட்டத்து ரோசாச் செடியிலிருந்து சிறு முட்களைக் கொணர்ந்து செருகினார். அன்றிரவு அவர் உறங்கவில்லை. வைகறையில் நுண்ணோக்கியில் கண் வைத்தார். முள்ளைச் சுற்றிலும் உயிரணுக்கள் அடர்ந்து நின்றன.

நம் சிறுவனின் காலில் கருவேல முள் தைத்த இடத்தில் நிகழ்வதும் இதுவே. குருதியிலுள்ள வெள்ளணுக்கள் குழாய்ச் சுவரைக் கடந்து முள்ளை நோக்கி விரைகின்றன. சிவப்பும் வீக்கமும் சூடும் அப்படை திரளும் அறிகுறிகள். சீழ் என்பது பெரும்பாலும் போரில் மடிந்த வெள்ளணுக்களின் திரள். புறத்திணையில் பயின்றோர் இதனை நொச்சித்திணை என எளிதில் உணர்வர். மதிலைக் காத்து நின்று வீழ்ந்தோர்க்கு நம் முன்னோர் நடுகல் நட்டனர். உடலுக்குள் வீழ்ந்த காவலரையோ நாம் அருவருப்போடு துடைத்தெறிகிறோம்.

அந்நாளில் மெசினாவுக்கு வந்திருந்த உடற்கூற்று நோயியலின் பேரறிஞர் விர்ச்சோவிடம் மெச்னிகோவ் தம் கண்டுபிடிப்பைக் காட்டினார். விர்ச்சோ பாராட்டினார், எச்சரிக்கையும் செய்தார். வெள்ளணுக்களுக்குள் கிருமிகள் இருப்பதை மருத்துவர் சிலர் முன்பே கண்டிருந்தனர். ஆனால் கிருமிகள் அவ்வணுக்களை ஊர்தியாகக் கொண்டு உடலெங்கும் பரவுகின்றன என்பதே அன்றைய கருத்து. காவலனைக் கள்வனின் கூட்டாளி என்று அறிஞர் உலகம் நம்பியிருந்தது.

1883இல் வியன்னா நகர விலங்கியல் பேராசிரியர் கிளவுசு, உண்ணும் உயிரணு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் இவ்வணுக்களுக்குப் பெயர் வழங்கினார். அதனையே நாம் விழுங்கணு என்கிறோம். அவற்றுள் பெரியனவற்றைப் பெருவிழுங்கணு என மெச்னிகோவ் வேறுபடுத்தினார்; அப்பெயர் இன்றும் வழக்கிலுள்ளது.

1884இல் இன்னும் வலிய சான்று கிட்டியது. குளத்து நீரில் வாழும் நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரியைக் காளான் இனத்து நோயொன்று பற்றுகிறது. அக்காளானின் வித்துகள் ஊசி வடிவின; நீர்த்தெள்ளின் குடற்சுவரைத் துளைத்து உடலுக்குள் நுழைகின்றன. முன்பு அறிஞர் செருகிய முள்ளை, இங்கு இயற்கையே செருகியது. நீர்த்தெள்ளின் குருதியணுக்கள் வித்துகளைச் சூழ்ந்து விழுங்கி அழித்தவிடத்து அது பிழைத்தது. வித்துகள் மிகுந்து அணுக்கள் தோற்றவிடத்து மாண்டது. நோய் என்பது இருதரப்புப் போர் என்பது கண்ணெதிரே விளங்கிற்று.

ஒடெசாவிலிருந்து பாரிசுக்கு

1885இல் லூயி பாஸ்டர் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து கண்டு உலகை வியப்பில் ஆழ்த்தினார். அதன் விளைவாக 1886இல் ஒடெசா நகரில் நுண்ணுயிர் ஆய்வு நிலையம் தோன்றியது. மெச்னிகோவ் அதன் இயக்குநரானார். மருத்துவப் பட்டம் பெறாத ஒருவர் தடுப்பு மருந்து நிலையத்தை நடத்துவதை உள்ளூர் மருத்துவர் ஏற்கவில்லை. அவர் ஊரில் இல்லாத வேளையில், நிலையத்தின் தடுப்பு மருந்து செலுத்தப்பட்ட ஆயிரக்கணக்கான ஆடுகள் மடிந்தன. மனமுடைந்த மெச்னிகோவ் 1888இல் தாயகத்தை விட்டு வெளியேறினார். பாரிசில் அவ்வாண்டு திறக்கப்பட்ட தம் நிறுவனத்தில் பாஸ்டர் அவருக்கு ஓர் ஆய்வுக்கூடம் அளித்தார். அடுத்த இருபத்தெட்டு ஆண்டுகள், மூச்சு நிற்கும் வரை, அதுவே அவருடைய இல்லமாயிற்று.

இரு கட்சிகள்

பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நூலெழுதியவர் பாரசீக மருத்துவப் பேரறிஞர் அர்-ராஸி. ஒருமுறை பெரியம்மை கண்டு தேறியவருக்கு அது மீண்டும் வருவதில்லை என்பதும் மக்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. ஆனால் அவ்வாற்றல் உடலில் எங்கு உறைகிறது? இவ்வினாவின்மேல்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அறிஞர் உலகம் இரண்டாகப் பிரிந்தது.

மெச்னிகோவின் கட்சி, ஆற்றல் உயிரணுக்களில் உள்ளது என்றது. செருமானிய அறிஞர் கட்சி, அது குருதியின் ஊநீரில் கரைந்துள்ளது என்றது. 1890இல் பேரிங்கும் ஜப்பானிய அறிஞர் கிட்டசாட்டோவும், தொண்டை அடைப்பான், இசிவுநோய் ஆகியவற்றின் நஞ்சை முறிக்கும் பொருள் ஊநீரில் இருப்பதைக் காட்டினர். 1894இல் பைஃபர், காலராக் கிருமிகள் விழுங்கணுவின் துணையின்றியே உடல் நீரில் கரைந்தழிவதைக் காட்டினார். 1895இல் மெச்னிகோவின் ஆய்வுக்கூடத்திலேயே பணியாற்றிய இளைஞர் போர்தே, எதிர்ப்பொருளுக்குத் துணைநிற்கும் மற்றொரு பொருளும் ஊநீரில் உண்டு என்று நிறுவினார். தம் கொள்கைக்கு மாறான முடிவு தம் கூரையின்கீழ்ப் பிறந்தபோதும் மெச்னிகோவ் அதனை மறைக்கவோ தடுக்கவோ இல்லை. ஆசிரியர்க்குரிய பெருமை இதனினும் வேறு யாது?

எதிர்க்கட்சியில் தலைசிறந்தவர் பால் எர்லிக். சாயங்களைக் கொண்டு உயிரணுக்களை நிறமூட்டி ஆராய்ந்தவர் அவர். ஒரு சாயம் ஓர் உறுப்பை மட்டும் பற்றுவதும் மற்றொன்றை விடுவதும் ஏன் என்னும் வினா அவரை ஆழ்ந்து சிந்திக்கச் செய்தது. உயிரணுவின் மேற்புறத்தில் பக்கக் கிளைகள் உள்ளன. நஞ்சு அவற்றுள் தனக்குப் பொருந்தியதைப் பற்றுகிறது. அக்கிளைகளே மிகுதியாக விளைந்து உதிர்ந்து ஊநீரில் எதிர்ப்பொருளாகத் திரிகின்றன என்று 1897இல் ஒரு கொள்கையை வகுத்தார். 1900இல் அக்கிளைகளுக்கு ஏற்பி என்று பொருள்படும் பெயரையும் வழங்கினார். அக்கொள்கையின் பல கூறுகள் பின்னர் மாற்றம் பெற்றன. ஏற்பி என்னும் கருத்தோ நிலைத்துவிட்டது.

விழுங்கணுவைக் கண்டவரிடம் ஏற்பி இல்லை. ஏற்பியைக் கண்டவரிடம் விழுங்கணுவுக்கு முதலிடம் இல்லை. 1903இல் இலண்டனில் ரைட் என்பவர் இருவரையும் இணைக்கும் முதற்பாலத்தைக் கட்டினார். ஊநீரிலுள்ள சில பொருள்கள் கிருமியின்மேல் படிந்து, அதனை விழுங்கணுவுக்கு இனிய உணவாக ஆக்குகின்றன என்று அவர் காட்டினார். 1908ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு மெச்னிகோவுக்கும் எர்லிக்குக்கும் ஒருசேர வழங்கப்பட்டது. எதிரெதிர் நின்றோரை ஒரே மேடையில் ஏற்றிய அம்முடிவு எத்துணைத் தொலைநோக்குடையது என்பது அன்று எவருக்கும் முழுமையாகத் தெரிந்திராது. அதே 1908 திசம்பர்த் திங்களின் இறுதியில் நிலநடுக்கம் மெசினா நகரை அழித்தது. முள் செருகிய ஊர் மண்ணானது. முள் காட்டிய உண்மை நிலைபெற்றது.

இந்திய மண்ணில் ஒரு மாணவர்

மெச்னிகோவ் நம் நாட்டுக்கு வந்தவரல்லர். அவர் மாணவர் வந்தார். ஒடெசாவில் அவரிடம் பயின்றவர் வால்டெமார் ஹாஃப்கின். அரசியல் காரணங்களால் சிறைப்பட்ட அவ்விளைஞருக்காகப் பரிந்து நின்றவர் மெச்னிகோவ். பின்னர்ப் பாரிசு நிறுவனத்தில் துணை நூலகர் பணியில் சேர்ந்த ஹாஃப்கின், 1892இல் காலராத் தடுப்பு மருந்து கண்டு, 1893இல் இந்தியா வந்து பல்லாயிரவருக்குச் செலுத்தினார்.

1896இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவியபோது, மூன்று திங்களுக்குள் அதற்கும் தடுப்பு மருந்து உருவாக்கி, 1897 சனவரி 10ஆம் நாள் முதலில் தம் உடலிலேயே செலுத்திப் பார்த்தார். ஊசி மருந்தை மக்கள் அஞ்சி ஒதுக்கிய காலம் அது. அப்போது இருபது வயதும் நிரம்பாத மூன்றாம் ஆகா கான், மக்கள் காணத் தாமே ஊசி போட்டுக்கொண்டு அச்சத்தைப் போக்கினார். ஆய்வுக்கூடத்துக்கு இடமும் தந்து உதவினார். சமுதாயத் தலைமை என்பது நலம் தருவதைத் தான் முதலில் செய்து காட்டுவதே என்பதற்கு இது என்றும் நினைவுகூரத்தக்க எடுத்துக்காட்டு. பம்பாய் ஆய்வுக்கூடம் 1925 முதல் ஹாஃப்கின் பெயராலேயே வழங்கி வருகிறது. தமிழகத்திலும் 1899இல் கிண்டியிலும் 1907இல் குன்னூரிலும் தடுப்பு மருந்து நிலையங்கள் தோன்றின.

முதுமையும் மோரும்

வாழ்வின் பிற்பகுதியில் மெச்னிகோவின் சிந்தை முதுமையை நாடியது. முதுமை பற்றிய அறிவுத்துறைக்கு இன்று வழங்கும் பெயரைச் சூட்டியவர் அவரே. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் விளைக்கும் நச்சுகளே மூப்பை விரைவுபடுத்துகின்றன என்று கருதினார். பல்கேரிய நாட்டு உழவர் புளித்த பாலை உண்டு நெடுநாள் வாழ்வதாகக் கேள்வியுற்று, பாலைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிரைப் போற்றினார். தாமும் நாள்தோறும் புளித்த பாலை உண்டார். பால்வளத்துக்கும் பால்கோவாவுக்கும் பேர்பெற்ற நம் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களுக்கு மோரின் பெருமையை எடுத்துரைக்கத் தேவையில்லை. எனினும் புளித்த பால் ஆயுளை நீட்டும் என்னும் அவர் கருத்து மெய்ப்பிக்கப்படவில்லை என்பதைச் சொல்லுதல் முறை. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் உடல்நலத்தோடு தொடர்புடையன என்னும் அளவில் அவர் நோக்கு வீணாகவில்லை.

ஒரு காலத்தில் வாழ்வை வெறுத்தவர் 1907இல் வெளியிட்ட நூலோ, வாழ்வின்மேல் நம்பிக்கை ஊட்டுவதையே நோக்கமாகக் கொண்டது. 1909இல் டால்ஸ்டாயை அவர் இல்லத்திலேயே சென்று கண்டார். அறிவியலே மனிதனை உய்விக்கும் என்றவர் ஒருவர். அறநெறியும் இறைநம்பிக்கையுமே உய்விக்கும் என்றவர் மற்றவர். கருத்தால் வேறுபட்ட இருவரும் அன்போடு பிரிந்தனர்.

முதல் உலகப்போரின் நடுவே, 1916 சூலைத் திங்களில், எழுபத்தொன்றாம் வயதில், இதயநோயால் மெச்னிகோவ் மறைந்தார். தம் உடலும் ஆய்வுக்குப் பயன்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். அவருடைய சாம்பல் பாரிசு பாஸ்டர் நிறுவன நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஓல்கா அம்மையார் கணவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1920இல் வெளியிட்டார்.

அவர் விட்டுச்சென்ற வினா

மெச்னிகோவ் மறைந்தபின் நெடுங்காலம் ஊநீர்க் கட்சியே ஓங்கியிருந்தது. விழுங்கணு, குப்பை பெருக்கும் எளிய ஏவலன் என்றே எண்ணப்பட்டது. காரணம், ஒரு வினாவுக்கு விடையில்லை. உடலில் கோடானுகோடி உயிரணுக்கள் இருக்க, அவற்றை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் விழுங்கணு எவ்வாறு இனங்காண்கிறது? அதற்குக் கண்ணில்லை, செவியில்லை. தொட்டறிவது ஒன்றே வழி.

விடை அதன் மேற்பரப்பில் இருந்தது. விழுங்கணுவின் மேற்புறமெங்கும் ஏற்பிகள் என்னும் புரத மூலக்கூறுகள் பதிந்துள்ளன. 1989இல் அமெரிக்க அறிஞர் சார்லசு சேன்வே, பிறவியிலேயே அமைந்த எதிர்ப்பாற்றலுக்கெனத் தனி ஏற்பிகள் இருந்தாக வேண்டும் என்றும், பல கிருமிகளுக்குப் பொதுவான அமைப்புகளை அவை அறியும் என்றும் கருதுகோள் ஒன்றை முன்வைத்தார். 1996இல் பிரெஞ்சு நாட்டு அறிஞர் ஆஃப்மான் குழுவினர், பழ ஈயில் டோல் என்னும் ஏற்பி பழுதுற்றால் அந்த ஈ காளான் நோய்க்கு இரையாவதைக் காட்டினர். 1997இல் சேன்வேயும் அவருடைய உடனாய்வாளர் மெட்சிட்டோவும் மனிதரிடத்தும் அதனையொத்த ஏற்பி உண்டு என்று நிறுவினர். 1998இல் பாய்ட்லர் குழுவினர், பாக்டீரிய வகை ஒன்றின் புறவுறையிலுள்ள கொழுப்புச் சர்க்கரைப் பொருளை அறிவது இவ்வகை ஏற்பிகளுள் நான்காம் எண் உடையது என்று கண்டனர். ஆஃப்மானும் பாய்ட்லரும் 2011ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

மனிதரிடம் டோல் வகை ஏற்பிகள் பத்து உள்ளன. சில உயிரணுவின் மேற்பரப்பில் நிற்கின்றன. சில உள்ளறைகளில் நின்று, விழுங்கப்பட்டதன் மரபுப்பொருளைச் சோதிக்கின்றன. ஐந்தாம் எண் ஏற்பி, பாக்டீரியா நீந்துவதற்குப் பயன்படும் கசையிழையின் புரதத்தை அறிகிறது. கிருமியின் மேலுள்ள சர்க்கரைப் பொருள்களை அறியும் வேறு ஏற்பிகளும் உண்டு. ஏற்பி பொருந்தியவுடன் உயிரணுவுக்குள் செய்தி பாய்கிறது; பிற காவலரை அழைக்கும் வேதிப்பொருள்கள் வெளிப்படுகின்றன. இவ்வழைப்பு அளவு மீறினால் காவற்படையே நாட்டைச் சூறையாடுவது போன்று குருதி நச்சுநிலை உண்டாகி உயிருக்கே கேடாகும். அளவோடு நிற்றல் அணுவுக்கும் அறமாகும்.

இதனைத் தமிழ் மாணவர்க்கு இலக்கணத்தால் விளக்கலாம். புணர்ச்சியில் நிலைமொழியின் ஈற்றெழுத்தையும் வருமொழியின் முதலெழுத்தையும் நோக்கியே பெரும்பாலும் விதி அமைகிறது. ஒரே விதி ஆயிரம் சொற்களுக்குப் பொருந்துகிறது. அதுபோல் பிறவி ஏற்பி கிருமி முழுவதையும் நோக்குவதில்லை. பல கிருமிகளுக்குப் பொதுவான ஒரு விளிம்பை மட்டுமே நோக்குகிறது. எதிர்ப்பொருளோ ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே பதிந்துவைக்கும் அகராதி போன்றது; நிறைவானது, ஆயின் தொகுக்க நாளாகும். அகராதி உருவாகும் வரை உடலைக் காப்பது இலக்கணமே.

இனி வியப்புக்குரிய செய்தி ஒன்று. எதிர்ப்பொருளின் ஒருமுனை கிருமியைப் பற்ற, மறுமுனை விழுங்கணுவின் மேலுள்ள தனி ஏற்பியொன்றில் பொருந்துகிறது. போர்தே கண்ட துணைப்பொருளும் கிருமியின்மேல் படிந்து, விழுங்கணுவின் வேறோர் ஏற்பியில் பொருந்துகிறது. மெச்னிகோவை வீழ்த்துவதற்காக எதிர்க்கட்சியார் கொணர்ந்த இரு படைக்கலங்களும், அவர் கண்ட விழுங்கணுவின் கைகளிலேயே சென்று சேர்ந்தன. அவற்றை ஏந்தும் கைகளுக்கோ, எர்லிக் சூட்டிய பெயரே நிலைத்தது.

உடுமீனுக்கு உறவான கடல்முள்ளெலி ஒன்றின் மரபணுத் தொகுதி 2006இல் முழுமையாகப் படிக்கப்பட்டபோது, டோல் வகை ஏற்பிகளுக்கான மரபணுக்கள் மட்டும் இருநூற்றுக்கும் மேற்பட்டிருந்தன. மெசினாவில் முள்ளைச் சூழ்ந்த எளிய உயிரியின் இனத்தில் இத்துணைச் செல்வம் மறைந்திருக்கும் என்று யார் எண்ணியிருப்பர்?

போர் முடிந்துவிடவில்லை. லுட்மிலாவைக் கொண்டுசென்ற காசநோய்க் கிருமி, விழுங்கணுவின் ஏற்பிகளையே வாயிலாகக் கொண்டு உள்ளே நுழைகிறது. விழுங்கப்பட்டபின் செரிமானத்தைத் தடுத்துக் காவலனின் வீட்டிலேயே குடியிருக்கிறது. உலகக் காசநோயாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு நடுவம், வீட்டிலிருந்தே மருந்துண்டும் இந்நோயை வெல்லலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. நாற்காலியில் தூக்கிச் செல்லப்பட்ட அந்த மணமகளுக்கு அன்று கிடைக்காத மருந்து, இன்று நம் ஊர் அரசு மருத்துவமனையில் விலையின்றிக் கிடைக்கிறது. தொடங்கிய மருந்தை இடையில் நிறுத்தாதிருத்தல் நோயுற்றோர் கடமை. அவரை ஒதுக்காதிருத்தல் நம் கடமை.

நிறைவுரை

மெச்னிகோவ் பிழையே செய்யாதவர் அல்லர். ஊநீரின் ஆற்றலை அவர் குறைத்து மதிப்பிட்டார். மோரின் ஆற்றலை மிகுத்து மதிப்பிட்டார். எனினும் தம் கண்ணால் கண்டதைப் பிறர் நகைத்தபோதும் கைவிடவில்லை. தமக்கு மாறான உண்மையைத் தம் மாணவர் கண்டபோதும் அதனை மறைக்கவில்லை. எதிர்க்கட்சியாரின் கையில் இருந்தது தம் உண்மையின் மறுபாதியே என்பதை முழுதும் அறியும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. நமக்கு வாய்த்திருக்கிறது. வகுப்பறையிலும் ஊர்க்கூட்டத்திலும் நம்மோடு மாறுபடுவோரின் சொல்லைத் தள்ளுமுன் இதனை நினைவிற்கொள்வோமாக.

மடவார் வளாகத்துச் சிறுவனின் காலில் நாளையும் ஒரு முள் தைக்கும். அவன் அழுதுகொண்டு வீடு திரும்புமுன்னரே அவன் உடலுக்குள் காவலர் விழித்துக்கொண்டிருப்பர். அவர்களை அவ்வாறு அமைத்த பேரருளாளனுக்கே புகழனைத்தும்.